மாமனார் கொண்டுவந்த பாரிஸ் தெரு

கேள்வி: என் மாமனார் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். 1960களில் அவர் கொண்டுவந்த எண்ணெய் வர்ண ஓவியம் ஒன்று எங்கள் முன்னறையில் தொங்குகிறது. மழையில் நனைந்த பாரிஸ் தெரு, தூரத்தில் பெரிய வளைவு, சிவப்புக் குடையோடு ஒரு பெண். மூலையில் ‘பர்னெட்’ என்று கையெழுத்து. இதுபோன்ற படம் லட்சக்கணக்கில் போகிறது என்கிறான் மகன். விற்றால் அரசாங்கத்தில் பதிய வேண்டும் என்று பயமுறுத்துகிறார் பக்கத்து வீட்டுக்காரர். என்ன மதிப்பு இருக்கும்?
– வாசகி, குளச்சல்

பதில்: பக்கத்து வீட்டுக்காரரின் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன் அம்மா. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி ஓர் ஓவியம் தொல்பொருளாக நூறு வயதாவது ஆகியிருக்க வேண்டும். உங்களுடையது அதில் வராது.

மகன் சொல்வதும் முழுப் பொய்யில்லை. எதுவார் கொர்த்தெஸ் (1882–1969) வரைந்த பாரிஸ் தெருக்கள் பல லட்சத்துக்குப் போகின்றன. அதே தெரு, அதே மழை, ஆனால் ஆள் வேறு. ‘பர்னெட்’ கையெழுத்தோடு பாரிஸ் காட்சிகள் ஏராளமாக உலவுகின்றன. அது பல கைகள் சேர்ந்து வரைந்த வியாபாரப் பெயர் என்பதே விவரம் தெரிந்த பலரின் கருத்து. புனைபெயர் என்பதால் மட்டமில்லை. இதேபோல் பாரிஸ் தெருக்களை வரைந்த அந்துவான் பிளான்ஷார் என்பதும் புனைபெயர்தான், அதற்கு நல்ல விலை உண்டு.

நீங்கள் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து எடுத்த படத்தில் விஷயம் தெளிவாகத் தெரிகிறது. வர்ணம் மேடாக நிற்கிறது. அதனால் அச்சுப்படம் இல்லை, கையால் வரைந்ததுதான். குடை, தட்டைக் கத்தியால் ஒரே இழுப்பு. பெண்ணுக்கு முகமே கிடையாது, கால்கள் இரண்டு கோடு. ஈரத் தரையில் தெரியும் நிழல்கள் எல்லாம் நேராகக் கீழே இழுத்துவிட்டவை. இந்தத் தெருவை எத்தனையோ முறை போட்டுப் பழகிய கை, கேட்டியளா! நாகர்கோவிலில் படச்சட்டக் கடை வைத்திருக்கும் எனக்கு அந்த வேகம் பிடித்திருக்கிறது. ஆனாலும் சந்தை அதற்குப் பணம் தராது. பின்பக்கம் கேன்வாஸை ஸ்டேப்பிள் பின் கொண்டு அடித்திருப்பதும் நீங்கள் சொல்லும் காலத்தோடு ஒத்துப்போகிறது.

ஆக, வெளிநாட்டு ஏலத்தில் இந்த வகைப் படங்கள் சாதாரணமாகச் சில நூறு டாலருக்குள்தான் முடியும். இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை வேறு, ஏலத்தில் விற்று முடிந்த விலை வேறு. மகனை இரண்டாவதைத் தேடச் சொல்லுங்கள். கட்டிப் பத்திரமாக அனுப்பும் செலவையும் ஏலக் கமிஷனையும் கழித்தால் கையில் பெரிதாக மிஞ்சாது. நம் பக்கத்தில் விற்றால் படச்சட்டத்துக்குத்தான் விலை சொல்வார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் விற்கமாட்டேன்.

துடைக்கிறேன் என்று உருளைக்கிழங்கு, வெங்காயம், கண்ணாடி துடைக்கும் திரவம் எதையும் தொடாதீர்கள். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும். வர்ணம் பெயர்ந்த இடம் இருந்தால் அதுவும் வேண்டாம். பின்னால் யாரோ ஆணியடித்து மூடிய அட்டை ஈரம் குடித்துக் கறுத்திருக்கிறது, அதை முதலில் கழற்றுங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு, உங்களுக்குக் கடல் உப்புக்காற்றும் சேர்த்தி. வெளிச்சுவரில் மாட்டாமல் இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள சுவருக்கு மாற்றி, சட்டத்தின் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டுங்கள். பின்னால் காற்றுப் போகட்டும்.