ஒரு வரி மறந்தால் நின்றுவிடுகிறார்கள்!

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றத்தில் ஜூலை 15, காமராசர் பிறந்த நாளுக்குப் பேச்சுப் போட்டி. எழுதிக் கொடுத்ததைப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். ஒரு வரி மறந்தால் அப்படியே நின்றுவிடுகிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, திருமங்கலம்

பதில்: முதலில் அந்தத் தாளை வாங்கி வையுங்கள். நானும் ஒன்பதாம் வகுப்பில் ‘அவையோர்களே’ வரை சொல்லிவிட்டு மேடையில் அழுதவன்தான். 1903-இல் விருதுநகரில் பிறந்தார், 1954-இல் முதல்வரானார், பள்ளிகளைத் திறந்தார், மதிய உணவு போட்டார்... இப்படி நாலு குறிப்பு மட்டும் கையில் இருக்கட்டும். அந்தச் சோற்றுக்காகவே பள்ளிக்கூடம் போன தாத்தா யாராவது உங்கள் தெருவிலேயே இருப்பார். அவரிடம் கதை கேட்டு வரச் சொல்லுங்கள். அதை மட்டும் மறக்கவே மாட்டார்கள். ஒத்திகை கண்ணாடி முன்னால் வேண்டாம், டீக்கடை இரைச்சலில் வையுங்கள். அப்புறம், மைக்கை ஊதிப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே நிறுத்துங்கள்!