வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கும் வரியா?

கேள்வி: என் கணவர் வேலைக்காக 2025 அக்டோபர் 15 அன்று ஜெர்மனி போனார். நான் கோவையில் வேலையை விட்டுவிட்டு 2026 ஜூன் நடுவில் போகிறேன், டிபென்டன்ட் விசாவில். அவர் சம்பளத்துக்கு இங்கேயும் வரி உண்டா? அங்கே நானும் வேலைக்குப் போனால் வீட்டுச் செலவை எப்படிப் பிரித்துக்கொள்வது?

பதில்: விமானம் ஏறிய அன்றே உங்கள் கணவர் வங்கிக்கு என்ஆர்ஐ ஆகிவிட்டார். வருமான வரிக்கு அப்படி இல்லை, அங்கே நாள் கணக்குதான். ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 15 வரை 198 நாள் அவர் இங்கே இருந்திருக்கிறார். வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகனுக்கு எல்லை 182. செப்டம்பர் 28-க்குள் கிளம்பியிருந்தால் தப்பியிருக்கலாம். ஆகவே 2025-26-இல் அவர் இங்கே ரெசிடென்ட், அதாவது வெளிநாட்டு வருமானத்தையும் இங்கே கணக்கில் காட்ட வேண்டியவர். மார்ச் வரையிலான ஜெர்மன் சம்பளத்தை ஐடிஆர்-2 என்ற ரிட்டர்ன் படிவத்தில் காட்டியாக வேண்டும். டிசம்பர் 31 வரை அங்கே தொடங்கிய வங்கிக் கணக்குகளும் அதிலுள்ள வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலான ஷெட்யூல் எஃப்ஏ-வில் வர வேண்டும்.

இரண்டு முறை வரி கட்ட வேண்டியதில்லை. அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொள்ள, ரிட்டர்னுடன் படிவம் 67 தாக்கல் செய்யுங்கள். பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். சம்பளச் சீட்டில் உள்ள மொத்தப் பிடித்தத்தையும் எடுத்து எழுதிவிடுகிறார்கள். மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியப் பங்களிப்பும் வரி ஆகாது. 'லோன்ஸ்டாயர்' (சம்பள வரி) என்ற தலைப்புக்கு நேரே இருக்கும் தொகையை மட்டும் எடுங்கள். யூரோவை ரூபாயாக்க, முந்தைய மாதக் கடைசி நாளில் எஸ்பிஐ அறிவித்த டெலிகிராபிக் டிரான்ஸ்ஃபர் (TT) பையிங் ரேட், அதாவது வங்கி யூரோவை வாங்கும் விலைதான் கணக்கு. கூகுள் காட்டும் விலை செல்லாது.

இப்போது உங்கள் பயணத் தேதி. இதைத்தான் நீங்கள் உடனே கவனிக்க வேண்டும். கையில் வேலை ஒப்பந்தம் இல்லாமல் கணவருடன் வாழப் போகிறவருக்கு அந்த 182 நாள் சலுகை பொருந்தாது. கடந்த நான்கு ஆண்டுகளும் கோவையிலேயே இருந்த உங்களுக்கு எல்லை 60 நாள்தான். ஜூன் நடுவில் கிளம்பினால் 2026-27 முழுக்க நீங்கள் ரெசிடென்ட். அங்கே வேலை கிடைத்தால் அந்தச் சம்பளமும் இங்கே கணக்கில் வரும். மே 29-க்குள் கிளம்பினால் 59 நாளோடு முடியும். ஆனால் மார்ச் வரை தீபாவளிக்கென்று ஒரு நாள் வந்தாலும் கணக்குக் கெட்டுவிடக்கூடும்.

செலவைப் பிரிக்கும்போது கைக்கு வரும் சம்பளத்தை அளவுகோலாக வைக்காதீர்கள். ஜெர்மனியில் மாதச் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்பதை டேக்ஸ் கிளாஸ் என்ற பிரிவு முடிவு செய்கிறது. அதில் கிளாஸ் 3-ஐ அவரும் 5-ஐ நீங்களும் எடுத்தால், உங்கள் அடிப்படை வரிவிலக்கு அவர் பக்கம் போய்விடும். அவர் கையில் கூடுதலாகத் தெரிவதில் ஒரு பங்கு உங்களுடையது. அதனால் பிடித்தத்துக்கு முந்தைய சம்பளத்தை வைத்துப் பிரியுங்கள். அவருக்கு 5,000 யூரோ, உங்களுக்கு 3,000 என்றால் விகிதம் 5:3. வாடகை, மளிகை, மின்சாரம் சேர்த்து 2,400 ஆனால் அவர் 1,500, நீங்கள் 900. கோவை வீட்டுக் கடன் தவணை இருந்தால் அதையும் இதே பட்டியலில் சேருங்கள்.

எங்களைக் கேட்டால், அவரவர் வரிவிலக்கு அவரவரிடமே இருக்கும் கிளாஸ் 4-இல் இருவருமே இருங்கள் என்போம். கணவன் மனைவி சேர்ந்து அங்கே கூட்டு ரிட்டர்ன் போட்டால் ஆண்டு வரி எந்த கிளாஸிலும் ஒன்றுதான். ஆனால் வேலை போனால் கிடைக்கும் உதவித்தொகையும், குழந்தை பிறந்தபின் பெற்றோருக்கு வரும் எல்டர்ன்கெல்ட் உதவித்தொகையும் கைக்கு வரும் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படும். கிளாஸ் 5 அதைச் சுருக்கிவிடும். 2026-இல் எந்த மாதம் போய் அங்கே வசிப்பிடத்தைப் பதிவு செய்தாலும் அந்த ஆண்டு முழுமைக்கும் கூட்டு ரிட்டர்ன் போடலாம். நீங்கள் ஜனவரி முதல் கோவையில் வாங்கிய சம்பளத்துக்கு அங்கே வரி இல்லை. வரி விகிதத்தை மட்டும் அது உயர்த்தும். அந்தச் சம்பளச் சீட்டுகளைக் கையோடு எடுத்துப் போங்கள்.