கையெழுத்திடாத படிவமும் அட்டையில் இல்லாத அம்மம்மாவும்

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். ஐந்து ஆண்டுகளாகக் கனடாவின் வின்னிபெக் நகரில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் கல்வி உதவியாளராக வேலை செய்கிறேன். என் பொறுப்பில் இருக்கும் ஒன்பது வயதுச் சிறுவன் கிரீ பூர்வகுடியைச் சேர்ந்தவன், ஆட்டிசம் உள்ளவன். அதிகம் பேசமாட்டான், பட அட்டைகளைக் காட்டித்தான் எதையும் கேட்பான். அவனை வளர்ப்பவர் அவனுடைய அம்மம்மா. பாடசாலைக் கூட்டங்களுக்கு அவர் வருவதில்லை. உதவிக்கான படிவத்தை மூன்று முறை கொடுத்தனுப்பியும் கையெழுத்திடவில்லை. இலையுதிர் காலத்தில் இரண்டு வாரம் பையனை வடக்கே தங்கள் ஊருக்குக் கூட்டிப் போய்விடுகிறார். திரும்பி வரும்போது பழக்கமெல்லாம் குலைந்துவிடுகிறது என்று ஆசிரியர்கள் குறைப்படுகிறார்கள். பையன் இரவில் விழித்துக்கொள்வானாம்; அவர் கண்களைப் பார்த்தாலே தூங்கவில்லை என்று தெரிகிறது. சில மணி நேரம் ஓய்வெடுக்க வீட்டுக்கு ஆள் அனுப்பலாம் என்றேன். ‘வேண்டாம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். நான் என்ன செய்வது? வந்தேறியான நான் இதில் தலையிடலாமா?

— வாசகி, வின்னிபெக்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதம் முழுவதிலும் என்னை நிறுத்தி வைத்தது அந்த ‘வேண்டாம்’தான். அதைப் பிடிவாதம் என்றோ அக்கறையின்மை என்றோ கணக்கில் எழுதுவதற்கு முன், உங்கள் மானிடோபா மாகாணத்தில் ஒரு கிரீக் குடும்பத்தின் கதவை அரசாங்கத்தின் பெயரால் தட்டியவர்கள் எதற்காகத் தட்டினார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். 1990-களின் பிற்பகுதி வரை நீடித்த உறைவிடப் பள்ளிகளுக்கு 1,50,000-க்கும் அதிகமான பூர்வகுடிப் பிள்ளைகள் குடும்பங்களிலிருந்து பிரித்துக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அந்தப் பள்ளிகள் இன்று இல்லை. ஆனால் 2021 குடிசன மதிப்பீட்டின்படி, கனடாவில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 7.7 சதவீதமே பூர்வகுடியினராக இருக்க, பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வளர்ப்பு வீடுகளில் இருக்கும் அதே வயதுப் பிள்ளைகளில் அவர்கள் 53.8 சதவீதம். வீட்டுக்கு வரும் உதவியாளர் பையனை மட்டும் பார்க்கமாட்டார், சமையலறையையும் குளிர்சாதனப் பெட்டியையும் பார்ப்பார், பார்த்ததை எங்கோ எழுதி வைப்பார் என்று ஓர் அம்மம்மா நினைத்தால், அது வீண் சந்தேகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘களைத்துப் போய்விட்டேன்’ என்று அவர் ஒப்புக்கொண்டால், ‘வளர்க்க இயலாதவர்’ என்று அது பதிவாகிவிடக்கூடும். ஆகவே தூக்கமில்லாமல் இருப்பதைவிட உதவி கேட்பது அவருக்கு ஆபத்தானதாகத் தெரியலாம். அதிகாரியின் கையில் இருக்கும் பதிவுத் தாளைக் கண்டு அஞ்சிய வீடுகளிலிருந்து வந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகாது. ஆனால் ‘எங்களுக்கும் அப்படித்தான்’ என்று ஆறுதல் சொல்லப் போய்விடாதீர்கள், அவருடைய கதை அவருடையது. அவர் உறைவிடப் பள்ளிக்குப் போனவரா என்றும் நீங்களாகக் கேட்க வேண்டாம்.

அவருக்குத் தெரிந்திருந்தால் சற்று நிம்மதி தரக்கூடிய ஒரு செய்தி உண்டு. 2020 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் கூட்டரசுச் சட்டம் ஒன்றின்படி, வறுமை, போதிய வீடில்லாமை, வளர்ப்பவரின் உடல்நிலை போன்ற காரணங்களை மட்டும் வைத்து ஒரு பூர்வகுடிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது. அதே சமயம், பிள்ளைக்குத் தீங்கு நேர்வதாகத் தெரிந்தால் அறிவிக்க வேண்டிய சட்டக் கடமை உங்களுக்கு இருக்கிறது. அதனால் ‘நீங்கள் சொல்வது நம் இருவருக்குள் இருக்கட்டும்’ என்று ஒருநாளும் வாக்குக் கொடுக்காதீர்கள். எதை எழுதுவீர்கள், எதை எழுதமாட்டீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டுப் பிறகு தெரியவருவதைப் போல நம்பிக்கையைக் கெடுப்பது வேறில்லை.

இனிப் படிவத்துக்கு வருகிறேன். நீங்கள் குறிப்பிடுவது ‘ஜோர்டான் கொள்கை’ விண்ணப்பமாகத்தான் இருக்க வேண்டும். நோர்வே ஹவுஸ் கிரீ நேஷன் என்ற பூர்வகுடிச் சமூகத்தைச் சேர்ந்த ஜோர்டான் ரிவர் ஆன்டர்சன் என்ற சிறுவன் சிக்கலான நோயுடன் வின்னிபெக் மருத்துவமனையில் வளர்ந்தான். வீட்டுக்கு அனுப்பலாம் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும், வீட்டுப் பராமரிப்புச் செலவு யாருடையது என்று மத்திய அரசும் மாகாண அரசும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தகராறு செய்துகொண்டிருக்க, தன் குடும்பத்தின் வீட்டில் ஒருநாள்கூட இருக்காமலே 2005-இல் ஐந்து வயதில் இறந்துபோனான். ‘முதலில் பிள்ளைக்குத் தேவையானதைச் செய், யார் செலவு என்பதைப் பிறகு பார்’ என்னும் அவன் பெயரிலான கொள்கையை 2007 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒருமனதாக ஏற்றது. அதை அரசு முறையாக நடைமுறைப்படுத்த, 2016-இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் ஆணையிட வேண்டியிருந்தது. பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட நிலமான ‘ரிசர்வு’க்கு வெளியே நகரத்தில் வாழும் பிள்ளைகளுக்கும் இது உரியது. வளர்ப்பவருக்கான ஓய்வு நேர உதவியும் இதன் வழியே கேட்கப்பட்டு வந்திருக்கிறது. தனிப் பிள்ளைக்கான விண்ணப்பத்துக்கு 48 மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பாயம் கூறியிருக்கிறது. நடப்பில் பல்லாயிரம் விண்ணப்பங்கள் தேங்கின, 2025-இல் விதிகளும் இறுகின, குறிப்பாக ரிசர்வுக்கு வெளியே உள்ள பாடசாலைச் செலவுகளுக்கு. அதனால் பாடசாலைக்கு என்ன வேண்டும் என்று எழுதாமல், அந்த வீட்டுக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள்.

மூன்று முறை பையில் வைத்து அனுப்பிய தாளை நான்காம் முறையும் அனுப்பிப் பயனில்லை. படிவத்தை நீங்களோ பாடசாலைச் சமூகப் பணியாளரோ பென்சிலால் நிரப்பி, ஒவ்வொரு வரியையும் அவருக்குப் படித்துக் காட்டி, ‘இதில் எதை அடிக்க வேண்டும்?’ என்று கேளுங்கள். ஆதரவுக் கடிதம் ஒன்று தேவைப்படும். அதை ஒரு மருத்துவரோ ஆசிரியரோ எழுதலாம், சமூகம் ஏற்றுக்கொண்ட மூத்தவர் ஒருவரும் எழுதலாம் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஓய்வு உதவிக்கு வரும் ஆள் முன்பின் தெரியாதவராகத்தான் இருக்க வேண்டுமா, அவர் நம்பும் ஒருவரை ஏற்பாடு செய்ய வழியுண்டா என்பதை அலுவலகத்தில் அவர் சார்பில் நீங்கள் விசாரித்துச் சொன்னால், அந்த ‘வேண்டாம்’ சற்று இளகலாம். கூட்டங்களைப் பொறுத்தவரை, ஆறேழு பேர் கோப்புகளுடன் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் அறையில் தனியாளாக வந்து உட்கார எந்த அம்மம்மாவுக்குத்தான் மனம் வரும்? இருவர் போதும். எங்கே சந்திக்கலாம், யாரைத் துணைக்கு அழைத்து வருவார் என்பதை அவரே சொல்லட்டும்.

பையனின் தூக்கத்தைக் குடும்ப மருத்துவரிடம் தனியாகவே சொல்ல வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் தூக்கக் குறைவு மிகச் சாதாரணம் என்றாலும், பல்வலியும் மலச்சிக்கலும்கூட ஒரு பிள்ளையை இரவு இரண்டு மணிக்கு எழுப்பும். பேசாத பிள்ளைக்கு அதைச் சொல்லத் தெரியாது.

வடக்குப் பயணத்தில் நான் உங்கள் ஆசிரியர்களோடு முழுக்க உடன்படவில்லை. மூஸ் என்னும் பெரிய மானை வேட்டையாடும் காலத்தில் உறவெல்லாம் ஒன்றுகூடும் இடத்தில் அந்த அம்மம்மாவுக்கு உதவிக்குப் பத்துக் கைகள் இருக்கலாம். ஆண்டில் அவர் நன்றாகத் தூங்கும் இரண்டு வாரம் அதுவாகவே இருக்கலாம். அதற்காக, காட்டுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அழகுபடுத்திச் சொல்லவும் நான் வரவில்லை. பெரிய முரசைச் சுற்றி ஆறேழு பேர் அடிக்கும் ஒலி, காது கூசும் பிள்ளைக்குத் தாங்காமல் போகலாம். அப்போது காதுமூடியுடன் வாசலோரம் நிற்க இடம் வேண்டும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே நாட்காட்டியில் படம் ஒட்டிக் காட்டுவதும், திரும்பி வந்த முதல் மூன்று நாள் பாடத்தைப் பாதியாகக் குறைப்பதும் உங்கள் கையில் இருக்கின்றன. ‘குலைந்த பழக்கம்’ என்று ஆசிரியர்கள் சொல்வதில் பாதி இதிலேயே அடங்கிவிடும்.

கண்ணைப் பார்த்துப் பேசவேண்டும் என்று அவனுடைய கல்வித் திட்டத்தில் எழுதியிருந்தால், அதையும் மறுபடி பாருங்கள். பெரியவரை நேராக உற்றுப் பார்க்காமல் இருப்பது பல கிரீக் குடும்பங்களில் மரியாதை. நம் ஊர்ப் பெரியவர்களிடம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்?

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆட்டிசத்தைத் தமிழில் நாம் ‘மதியிறுக்கம்’ என்று எழுதிவிட்டோம். அந்தச் சொல்லிலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது, எனக்கு அது ஒருபோதும் பிடித்ததில்லை. நியூசிலாந்தின் மாவோரி மொழிக்காகக் கேரி ஓபாய் என்பவர் ‘தகிவாதங்கா’ என்ற சொல்லை உருவாக்கினார். தனக்கே உரிய நேரத்திலும் வெளியிலும் இருத்தல் என்பது அதன் பொருள். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துக் கிரீ ஆய்வாளரும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் தந்தையுமான கிராண்ட் புரூனோ போன்றவர்கள் ‘பீதொதேயிஹ்தம்’ என்கிறார்கள்: வேறு விதமாக எண்ணுகிறவர். கிரீ மொழியில் வட்டார வழக்குகள் பல. ஆல்பர்ட்டாவில் ‘ய’ ஒலிக்கும் இடத்தில் வடக்கு மானிடோபாவின் பல ஊர்களில் ‘ந’ ஒலிக்கும். ஆகவே இந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டு போய் அவரிடம் ஒப்பிக்காதீர்கள். பேரனை அவர் என்ன சொல்லிக் குறிப்பிடுகிறார் என்று கேட்டு, அதையே நீங்களும் பயன்படுத்துங்கள்.

18 வயதானதும் ஜோர்டான் கொள்கை நின்றுவிடும். ஒன்பது வயதில் அது தொலைவாகத் தோன்றும். ஆனால் முறையான மதிப்பீட்டு அறிக்கை கையில் இருந்தால்தான் பெரியவர்களுக்கான சேவைகளைக் கேட்கவே முடியும். அந்தத் தாள்களின் நகல் ஒன்று பாடசாலையில் மட்டும் இல்லாமல் அம்மம்மாவின் வீட்டிலும் இருக்கட்டும்.

தலையிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் நாளுக்கு ஆறு மணி நேரம் அவனோடு இருப்பவர். ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறீர்கள். திங்கட்கிழமை அவனுடைய பட அட்டைகளை ஒருமுறை பரப்பிப் பாருங்கள். பேருந்து இருக்கும், பீட்சா இருக்கும், கழிப்பறை இருக்கும். அவன் வீட்டில் சாப்பிடும் பானக் ரொட்டி இருக்கிறதா? கிரீப் பிள்ளைகள் ‘கோக்கும்’ என்று அழைக்கும் அம்மம்மாவின் படம் இருக்கிறதா? இல்லையென்றால், இதுவரை அவனால் பாடசாலையில் அம்மம்மாவைக் கேட்கவே முடிந்திருக்காது. மாலையில் வாசலில் படிவத்தை எடுக்காமல், அட்டைக்கு எந்தப் புகைப்படத்தைப் போடலாம் என்று மட்டும் அவரைக் கேளுங்கள்.