கடல்நீர் பி.எச். சென்சார்: கேட்டவர்களுக்குப் பதில்

மீன்தொட்டி பி.எச். மீட்டரை (நீர் அமிலமா காரமா என்று எண்ணால் காட்டும் கருவி) கடலில் இறக்கலாமா?
இறக்கலாம், எண்ணும் வரும். ஆனால் தொழிற்புரட்சிக்குப் பிறகு கடல் மேற்பரப்பின் பி.எச். ஏறத்தாழ 8.2-லிருந்து 8.1-க்குத்தான் வந்திருக்கிறது. அந்த 0.1-ஐத் தேடிப் போகும் மீட்டரே மெல்ல நகர்ந்துகொண்டிருந்தால் எதை அளப்பீர்கள்?

அப்படியென்றால் கடல் புளிக்கத் தொடங்கிவிட்டதா?
இல்லை, 7-க்கு மேல் இருந்தால் காரம், 8.1 இன்னும் காரம்தான். அமிலத்தை நோக்கி நகர்கிறது, அவ்வளவே.

7, 10 பஃபர் (பி.எச். முன்கூட்டியே தெரிந்த கரைசல்) வைத்து மீட்டரைச் சரிபார்த்தேன். போதும்தானே?
போதாது. அவை உப்பு குறைந்த கரைசல்கள். கடல்நீரில் வைத்ததும் மீட்டருக்குள் இருக்கும் ஒப்பீட்டு எலக்ட்ரோடின் மின்னழுத்தம் மாறிவிடும். செயற்கைக் கடல்நீரில் கரைத்த டிரிஸ் பஃபர் வேண்டும்.

சாய முறை மேலா?
என் ஓட்டு அதற்குத்தான். பி.எச்.-க்கு ஏற்ப நிறம் மாறும் மெட்டா-கிரெசால் பர்ப்பிள் சாயத்தை ஒரு துளி கலந்து, 434, 578 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து விகிதம் பார்ப்பது. சுத்திகரிக்காத சாயம் வாங்காதீர்கள், அதன் அழுக்கே அளவைத் தள்ளிவிடும். என் முதல் கருவியில் ஒரு வாரம் எண்கள் குதித்தன. பிரித்துப் பார்த்தால், ஒளி போகும் குழாயில் குண்டூசித் தலையளவு காற்றுக்குமிழி!

பி.எச்., கார்பன் டைஆக்சைடு அழுத்தம் இரண்டையும் அளந்தால் மற்றதைக் கணக்கிடலாமே?
ஏட்டளவில் சரி. பி.எச்., அழுத்தம், மொத்தக் காரத்தன்மை (அமிலத்தைச் சமன்செய்யும் திறன்), கரைந்த கனிமக் கார்பன் என்ற நான்கில் எந்த இரண்டு தெரிந்தாலும் மற்றவை வரும். ஆனால் நீங்கள் எடுத்த ஜோடிதான் மோசம். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். புதுத் தகவல் சொற்பம். பி.எச்.-இல் 0.01 தவறினால் கணக்கிட்ட காரத்தன்மை 2 சதவீதத்துக்கு மேல் தவறும்.

ஆனால் தானியங்கியாகக் கிடைப்பவை அந்த இரண்டுதானே?
அதனால்தான் எல்லோரும் அதில் விழுகிறார்கள். எளிதாகக் கிடைப்பது நல்ல ஜோடியாகிவிடாது. பி.எச்.-ஐ கருவியில் அளந்து, காரத்தன்மைக்குப் புட்டியில் நீர் எடுத்து, நுண்ணுயிர்கள் நீரை மாற்றிவிடாதபடி மெர்க்குரிக் குளோரைடு சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அது நச்சு, கையுறை போடுங்கள்.

அந்தப் புட்டியை ஒருமுறை எடுத்தால் போதாதா?
போதாது. கருவியை இறக்கும்போது ஒன்று, தூக்கும்போது ஒன்று. இடையிலும் எடுத்தால் கருவியின் நகர்வு எங்கே தொடங்கியது என்று தெரியும்.

4, 7 பஃபர் பாக்கெட் இருக்கிறது, அதை வைத்து...
மூன்றாவது பதிலைப் படிக்கவும்.