ஓரம் கருகினால் பீட்சா கெட்டதா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஒரு சின்ன பார்சல் கடையில் ‘டெட்ராய்ட் பீட்சா’ என்று போட்டிருந்ததே என வாங்கினேன். சதுரமாக, தடியாக, ஓரமெல்லாம் கருகி, சாஸ் சீஸுக்கு மேலே கிடந்தது. ஏமாற்றிவிட்டார்களா?
- ஒரு வாசகி, குழித்துறை

பதில்: சேச்சே, நீங்கள் குறை சொன்ன நாலும்தான் அதன் லட்சணமே! அமெரிக்காவில் டெட்ராய்ட் கார் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஊர். அங்கே 1946-இல் படீஸ் (Buddy's) என்ற கடையில் பிறந்தது இது, கார் தொழிற்சாலையில் உதிரி பாகம் போட்டுவைக்கும் இரும்புத் தட்டிலேயே மாவைப் பரப்பிச் சுட்டார்கள் என்பார்கள். சீஸைத் தட்டின் விளிம்பு வரை போடுவதால் அது உருகி வழிந்து ஓரத்தில் முறுகிவிடும். ஆப்பத்து ஓரம் மாதிரி, நான் முதலில் பிய்ப்பது அதைத்தான். அங்கே பிரிக் என்றொரு வகை சீஸ் போடுவார்கள், இங்கே மொசரெல்லா சீஸோடு செடார் சீஸ் கலந்திருந்தால் மன்னித்துவிடுங்கள். ஆனால் ஓரம் கசந்ததா? அப்படியென்றால் அது நிஜக் கருகல், தாராளமாகச் சண்டை போடலாம். அப்புறம், பார்சல் பெட்டியை மூடியே வைத்தால் ஆவியில் அடி சொதசொதத்துவிடும். தோசைக்கல்லில், சிறுதீயில், எண்ணெய் விடாமல் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுங்கள்.