கேளுங்கள், சொல்கிறோம்: பேஸ்போல் நம்ம பக்கம் வேர் பிடிக்குமா?

கேள்வி: மகன் தரம் 9. யூடியூப்பில் பேஸ்போல் பார்த்துப் பார்த்து, இனிமேல் கிரிக்கெட் வேண்டாம், இதைத்தான் விளையாடுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். இங்கே யாருக்கும் தெரியாத விளையாட்டு. அது இந்த மாதிரி நாடுகளில் எங்கேயாவது வளர்ந்திருக்கிறதா?
- ஒரு தாய், கல்லடி

பதில்: வளர்ந்திருக்கிறது சகோதரி. ஆனால் ஒரு ஆள் வந்து, ஊரோடு தங்கி, வருஷக்கணக்கில் பிள்ளைகளுக்குப் பழக்கிய இடங்களில்தான் வளர்ந்திருக்கிறது. நீங்கள் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் வெபர் மைதானம் இருக்கிறதே, அது அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பக்கமிருந்து வந்த இயேசு சபைக் குரு ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயர். அவரைப் போன்ற குருமார் புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளோடு வெயிலில் நின்று மெய்வல்லுநரும் கூடைப்பந்தும் பழக்கினார்கள், அவர்களிடம் பழகியவர்கள் அடுத்த தலைமுறைக்குப் பழக்கினார்கள், அதனால்தான் மட்டக்களப்பில் கூடைப்பந்து இன்றைக்கு யாருக்கும் புதினமான விளையாட்டு இல்லை.

ஜப்பான் கதையும் இதேதான். 1872 அளவில் டோக்கியோவில் படிப்பித்துக்கொண்டிருந்த ஹொரஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் தன் மாணவர்களுக்கு பேஸ்போல் சொல்லிக் கொடுத்தார், இன்றைக்கு அந்த நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் போட்டிக்கே மைதானம் நிரம்புகிறது. இந்தியாவில் நடந்தது வேறு. 2008 இல் ஒரு பெரிய போட்டி வைத்து, அதுவரை பேஸ்போலே தெரியாத ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரண்டு ஈட்டி எறியும் பொடியன்களைத் தெரிவுசெய்தார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் என்ற பேஸ்போல் கழகம் இருவரையும் எடுத்துக்கொண்டது. அது லேசான சாதனை இல்லை, ஆனாலும் அவர்களுக்குப் பின்னால் ஊரூராகப் பழக்க ஆள் இல்லாததால் இந்தியத் தெருக்களில் ஒன்றும் மாறவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது செக் நாட்டு அணி. நாடுகளின் அணிகள் மோதும் 2023 உலக பேஸ்போல் கிளாசிக் போட்டியில் அவர்களுடைய பந்து எறிபவர் ஒன்ட்ரே சடோரியா, தொழிலால் மின்சார வேலை செய்பவர், பயிற்றுநரோ நரம்பு வைத்தியர். டோக்கியோ அரங்கில் சொந்த ரசிகர்கள் முன்னால் நின்ற ஜப்பானின் நட்சத்திர வீரர் ஷோஹெய் ஒஹ்தானியையே சடோரியா மணிக்கு 115 கிலோமீற்றர் அளவிலான மெதுவான பந்தால் ஆட்டமிழக்கச் செய்தார். ஆட்டத்தில் தோற்றார்கள், பரவாயில்லை. பகலில் வேலைக்குப் போய்விட்டுப் பின்னேரத்தில் பயிற்சி எடுக்கிற மனிதர்களால் அந்த இடம் வரைக்கும் போக முடிந்ததே!

நம் நாட்டிலும் ஒன்றுமில்லாமல் இல்லை. ஜப்பானியத் தொண்டர்கள் பல வருஷம் இங்கே வந்து பழக்கினார்கள், ஜப்பான் உதவியோடு கொழும்புப் பக்கம் தியகமவில் மைதானமும் இருக்கிறது, 2019 இல் இலங்கை அணி மேற்காசியக் கிண்ணத்தையும் வென்றது. ஆனால் கல்லடியிலிருந்து அந்த மைதானத்துக்கு 300 கிலோமீற்றர் அளவு தூரம், அதுதான் பிரச்சினை. தேசிய சங்கம் ஒரு பயிற்றுநரையாவது கிழக்குக்கு அனுப்பி இரண்டு வருஷம் தங்க வைக்க வேண்டும், ஒருநாள் பயிற்சிமுகாம் நடத்திப் படம் எடுத்துவிட்டுப் போவதால் ஒரு பயனும் இல்லை.

சரி, மகனுக்கு என்ன சொல்வது? கிரிக்கெட்டை விடச் சொல்லாதீர்கள். களத்தடுப்பில் பழகும் பிடியும் தூர எறியும் அப்படியே பேஸ்போலுக்கு உதவும். 2028 லொஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இரண்டும் இருக்கின்றன, ஆசையை ஏன் இப்போதே கிள்ள வேண்டும்?

கேள்வி: எங்கள் நாட்டு எல்லே விளையாட்டும் பேஸ்போலும் ஒன்றுதான் என்கிறான் நண்பன். உண்மையா?
- ஒரு மாணவன், அக்கரைப்பற்று

பதில்: ஒன்று இல்லை தம்பி, ஆனால் சொந்தக்காரர் மாதிரித்தான். அடிக்க மூன்று சந்தர்ப்பம், அடித்தால் தரிப்புகளை, பேஸ்போலில் தளங்கள் என்பார்கள், சுற்றி ஓடி வர வேண்டும், அந்தரத்தில் பந்தைப் பிடித்தால் ஆட்டமிழப்பு, இதெல்லாம் கிட்டத்தட்டப் பொருந்தும். எல்லேயில் ஓடுகிறவனைப் பந்தால் எறிந்து ஆட்டமிழக்கச் செய்யலாம், பேஸ்போலில் அப்படி எறிய முடியாது, கையில் பந்தோடு தொட வேண்டும் அல்லது அவன் வருமுன் பந்து தளத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எல்லே நன்றாக விளையாடும் பிள்ளைக்கு பேஸ்போல் விதிகள் ஒரு பின்னேரத்தில் விளங்கிவிடும்.

கேள்வி: கையுறை, மட்டை, தலைக்கவசம் எல்லாம் வாங்க எங்கள் பாடசாலையில் காசு இல்லை. வேறு வழி உண்டா?
- உடற்கல்வி ஆசிரியர், திருக்கோவில்

பதில்: உண்டு சேர். பேஸ்போல்5 என்று ஒன்று இருக்கிறது. கியூபாவின் தெரு விளையாட்டைப் பார்த்து உருவாக்கியது, மட்டையும் வேண்டாம், கையுறையும் வேண்டாம், ஒரு றப்பர் பந்து போதும், அதை உள்ளங்கையால் அல்லது முஷ்டியால் அடிப்பார்கள். அணிக்கு ஐந்து பேர், ஐந்து இன்னிங்ஸ். 2026 டக்கார் இளையோர் ஒலிம்பிக்கில் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். 21 மீற்றர் சதுரம் ஒன்றைச் சுண்ணாம்புத் தூளால் கீறி, உள்ளே 13 மீற்றர் இடைவெளியில் தளங்களை வையுங்கள், உங்கள் முற்றமே தாராளம். அணி பிரிக்கும்போது பெண்பிள்ளைகளையும் சேர்த்தே பிரியுங்கள். சர்வதேசப் போட்டியிலும் அப்படிக் கலந்துதான் விளையாடுகிறார்கள்.