0.1 ஸ்வெர்ட்ரப் நன்னீருக்கு இரண்டு விடை ஏன்?

கணினிக் காலநிலை மாதிரியில் தொழிற்புரட்சிக்கு முந்தைய காலநிலையிலும் பனியுகத்திலும் அட்லாண்டிக்கின் 50–70 பாகை வடக்குப் பட்டையில் 0.1 ஸ்வெர்ட்ரப் (ஒரு ஸ்வெர்ட்ரப் என்பது நொடிக்குப் பத்து லட்சம் கன மீட்டர்) நன்னீர் ஊற்றியதில், பனியுகத்தில் மட்டும் அட்லாண்டிக் சுழற்சி (வெப்பநீர் வடக்கே போய்க் குளிர்ந்து அமிழ்ந்து ஆழத்தில் தெற்கே திரும்பும் ஓட்டம்) மீளவில்லை என்கிறீர்கள். பிழை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். முதலில் அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலுள்ள பெரிங் நீரிணையைப் பாருங்கள். பனியுகத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் இறங்கி அது மூடிக்கிடந்தது; சுழற்சி தளர்ந்ததும் தேங்கும் நன்னீர் பசிபிக் பக்கம் வடிய வழியில்லை. கடல்பனி தெற்கே பரவியதால் நீர் அமிழும் இடமும் நகர்ந்திருக்கும், உங்கள் பட்டை நேராக அதன் தலையில் விழலாம். மாதிரியின் இரண்டு ஓட்டத்திலும் ஆழ்கலப்பு (மேல்நீர் ஆழத்தோடு கலக்கும் இடங்கள்) வரைபடத்தை அருகருகே வைத்துப் பாருங்கள்.

மேற்பரப்பு உப்பைப் பழைய அளவுக்கு இழுக்கும் திருத்தத்தை அணைத்தீர்களா? ஒரு ஓட்டத்தில் மட்டும் விட்டிருந்தால் ஊற்றிய நீரை அதுவே விழுங்கிவிடும், ஒப்பீடே செல்லாது. 100 ஆண்டில் சுமார் 3.15 லட்சம் கன கிலோமீட்டர் சேர வேண்டும். சராசரி உப்பு அதற்கேற்ப குறைந்ததா என்று சரிபாருங்கள்.